மீசை ஆடக் கூடாது

வலங்கைமான் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் மூஸா பாயின் மகள் தஹ்மீனா என்ன படிக்கிறாள் என்று கேட்டால், தெருவில் பாதிப் பேர் நர்ஸ் என்பார்கள், மீதிப் பேர் டாக்டர் என்பார்கள். இரண்டும் இல்லை. தஞ்சாவூரில் பி.எஸ்ஸி. ரெஸ்பிரேட்டரி கேர். மூச்சுத் திணறி வருகிறவர்களுக்கு ஆக்சிஜன் வைப்பது, வெண்டிலேட்டரைப் பார்த்துக்கொள்வது, இழுப்புக்காரர்களுக்கு இன்ஹேலர் பழக்குவது, இதற்கென்றே மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இண்டர்ன்ஷிப். இதை அவள் பொறுமையாக விளக்கி முடித்ததும் எதிர்வீட்டு ரஹ்மத் பீவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மூச்சு விடுறதுக்கா மூணு வருசம்? நாங்கல்லாம் படிக்காமலே விட்டுக்கிட்டிருக்கோமே."

இந்த வார்த்தை தெரு முழுக்க ஒரு சுற்று சுற்றி வந்தது. 'மூச்சுப் படிப்பு' என்று பெயரும் ஒட்டிக்கொண்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பொறுக்க முடியாதது என்னவென்றால், படிக்காத ரஹ்மத் பீவி தாராளமாக விட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சிலேயே தஹ்மீனா ஃபெயில் ஆகிப்போனாள்.

எழுத்துத் தேர்வெல்லாம் பாஸ். கவிழ்ந்தது கடைசிச் செய்முறைத் தேர்வில். ஒரு நோயாளிக்கு இன்ஹேலர் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் நின்று பார்ப்பார், அவ்வளவுதான் தேர்வு. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, இன்ஹேலரை வாயில் வைத்து, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் மருந்து நுரையீரலில் தங்கும். எல்லாம் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிப் படியில், "இப்ப மூச்சை நிறுத்துங்க" என்றாள்.

பக்கத்தில் நின்ற நோயாளியின் மனைவிக்கு வந்ததே கோபம். "யாருடி நீ, என் புருசன் மூச்சை நிறுத்தச் சொல்றதுக்கு? நல்ல நாளும் அதுவுமா இதைக் கேக்கவா இவரை இங்க கூட்டியாந்தேன்?" என்று கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயேவிட்டாள். தேர்வு நடுவில் நோயாளி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அகிலாண்டம் மேடம் காலி நாற்காலியைப் பார்த்தார், தஹ்மீனாவைப் பார்த்தார், 'நோயாளியின் ஒத்துழைப்பைப் பெறவில்லை' என்று எழுதி மூடிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மறுதேர்வு. அதற்குள் கூடப் படித்தவர்களெல்லாம் இண்டர்ன்ஷிப்பில் சேர்ந்துவிட்டார்கள். முதல் நாள் வரை இவள் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்த அனுராதா, கழுத்தில் இண்டர்னுக்கான நீலப் பட்டையோடு அதே வார்டில் நடந்துபோகிறாள். "தஹ்மி, அந்த பெட்டுக்கு நெபுலைசர் வைக்கணும், கொஞ்சம் எடுத்துக் குடேன்" என்று கேட்கிறாள். நல்ல பெண்தான், வேண்டுமென்று செய்யவில்லை. ஆனாலும் தஹ்மீனாவுக்கு வயிறு எரிந்தது. இந்தத் தடவையும் போனால் இன்னும் ஆறு மாதம் அந்த நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். போதாக்குறைக்கு மறுதேர்வுக்கும் அதே அகிலாண்டம் மேடம்தான் வருகிறார் என்று சேதி வந்தது.

ஆகவே தஹ்மீனா உட்கார்ந்து யோசித்தாள். 'நிறுத்து' கூடாது. வேறு என்ன சொல்வது? 'மூச்சை அடக்குங்க' என்றால் அதுவும் அடங்கிப்போவதில்தான் கொண்டுபோய் விடும். 'மூச்சைப் பிடிங்க' என்று ஒரு பாட்டியம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் உடனே திரும்பி முதுகைக் காட்டி, "ஆமாம்மா, இங்கதான் மூணு நாளா பிடிச்சுக்கிட்டிருக்கு, தைலம் வச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆங்கிலப் புத்தகத்தில் இரண்டே வார்த்தையில் முடிந்துபோகிற சமாச்சாரம், தமிழில் வந்தால் ஒன்று சாவுக்குப் போகிறது, இல்லையென்றால் சுளுக்குக்குப் போகிறது. இந்த மொழியை வைத்துக்கொண்டு எப்படித்தான் இத்தனை பேர் மூச்சு விடுகிறார்களோ என்று அவளுக்கு அலுத்துப்போனது.

இந்த நிலைமையில்தான் மறுதேர்வுக்கு அவள் பங்குக்கு ஒரு நோயாளியைக் கொடுத்தார்கள். பெயர் துரைராசு. நன்னிலத்துப் பக்கம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலமும், நாற்பது வருட பீடியும், முகத்தில் பாதியை மறைக்கும் வெள்ளை மீசையும் உள்ளவர். அறுப்புத் தூசியில் இழுப்பு அதிகமாகி வந்து சேர்ந்தவர், இப்போது தேறிவிட்டார். கூடவே அவர் மனைவி மங்களாம்பிகை. அந்தம்மா வார்டுக்குள் நுழைந்த அன்றே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள்: இன்னும் மூன்று வாரத்தில், வெள்ளிக்கிழமையன்று, திருக்கடையூரில் இவருக்கு அறுபதாம் கல்யாணம், அதற்குள் ஆளைச் சரிபண்ணிக் கொடுத்துவிட வேண்டும்.

"பீடியை விட்டாத்தான் ரெண்டாந்தாலிக்குக் கழுத்தை நீட்டுவேன்னு போன வருசமே சொல்லிட்டேன். மனுசன் தை மாசத்தோட விட்டுட்டாரு. அதுக்கப்புறம் தொட்டதே இல்ல" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. துரைராசு கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பயிற்சி. மங்களாம்பிகை டீ வாங்கப் போயிருந்தாள். தஹ்மீனா மருந்தில்லாத பயிற்சி இன்ஹேலரைக் கையில் கொடுத்து எல்லாம் செய்துகாட்டினாள். கடைசிப் படிக்கு இந்த முறை புது வார்த்தை ஒன்று வைத்திருந்தாள். கிணற்றில் முங்குகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சொல்வது. ஆம்பளைக்குப் புரியும்.

"இழுத்தாச்சா ஐயா? இப்ப தம் பிடிங்க."

துரைராசு அவளை ஒருமுறை நம்பாமல் பார்த்தார். கதவுப் பக்கம் பார்த்தார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பீடிக் கட்டை எடுத்தார்.

"இங்கயேவா பாப்பா? ஆஸ்பத்திரியில விட மாட்டாங்கன்னுல்ல நெனச்சேன்."

தஹ்மீனாவுக்கு உயிரே போய் வந்தது. தலைக்கு மேலே சுவரில் ஆக்சிஜன் குழாய். பாய்ந்து பிடுங்கினாள். "இங்க தீப்பெட்டியை உரசினா வார்டோட எல்லாரும் போய்ச் சேர வேண்டியதுதான். எத்தனை நாளா இது?" என்று கேட்டாள். குரல் எழும்பாமல் திட்டுவது எப்படி என்பதை அவள் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டாள்.

"கேண்டீனுக்குப் பின்னாடி வேப்பமரத்தடியில. ஒரு நாளைக்கு நாலுதான்" என்றார் துரைராசு, திருட்டு மாங்காயோடு மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையனைப் போல. "மங்களத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா வெள்ளிக்கிழமை மணவறையில நான் மட்டும்தான் உக்காந்திருப்பேன்."

அவள் பீடிக்கட்டைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். வார்டு டாக்டரிடம் சொன்னாள், அவர் "மீசை ஓரத்துப் பழுப்பே சொல்லுதேம்மா" என்றார். கேஸ் ரெக்கார்டிலும் தேதி போட்டு எழுதி வைத்தாள். மங்களாம்பிகையிடம் மட்டும் சொல்லவில்லை. அது கணவன் மனைவி சமாச்சாரம், அதற்குப் பாடத்திட்டத்தில் இடமில்லை.

திரும்ப வந்து பயிற்சியைத் தொடர்ந்தாள். வார்த்தைகளெல்லாம் தீர்ந்துபோய்விட்டன. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

"பாருங்க ஐயா. இழுத்ததும் பத்து எண்ணுற வரைக்கும் மூச்சு விடாதீங்க. சரியா? மூச்சு விடவே கூடாது."

துரைராசு முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"விட மாட்டேன் பாப்பா. நீயும் விடாத."

தன்னையும் கூடச் சேர்ந்து செய்யச் சொல்கிறார் என்று தஹ்மீனா நினைத்தாள். நல்ல நோயாளி என்று சந்தோஷப்பட்டாள். இருவரும் உதட்டை இறுக மூடிக்கொண்டார்கள். அவள் மனதுக்குள் பத்து எண்ணினாள். அவர் கண்ணாலேயே நன்றி சொன்னார். மூன்றாவதாக யாராவது ஒருவர் அப்போது அங்கே நின்றிருந்தால் இந்த முடிச்சை அந்த இடத்திலேயே அவிழ்த்திருக்கலாம். பாவம், அங்கே நின்றவர்கள் இரண்டு பேருக்கும் தமிழ்தான் தெரியும், அதுதான் வினை.

பன்னிரண்டு நாள் பயிற்சி நடந்தது. காலையில் வந்ததும் அவர் வேட்டி மடிப்பை உதறிக் காட்டுவார், ஒன்றும் விழாது. "மூச்சு விடலையே?" என்பாள் அவள். "மூச்சு விடலை" என்பார் அவர். தினமும் அவள் ரெக்கார்டில் இரண்டு வரி ஏறும்: பீடி இல்லை, இன்ஹேலர் முறை திருப்தி.

தேர்வு நாள் புதன்கிழமை. வார்டின் ஓரத்தில் பச்சைத் திரை கட்டிய இடத்தில் துரைராசு சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். அகிலாண்டம் மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம் அவருக்கு. போன தடவையின் நினைவு போலிருக்கிறது, முதல் காரியமாக மங்களாம்பிகையிடம், "நீங்க கொஞ்சம் வெளியில இருங்கம்மா" என்றார். அந்தம்மா திரைக்கு அந்தப் பக்கம் போனாள். அவ்வளவு தூரம்தான் போனாள்.

"ஐயா, பீடி சிகரெட் பழக்கம் உண்டா?" என்று மேடம் ஆரம்பித்தார்.

துரைராசு உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

"உங்களைத்தான் கேக்குறேன்."

துரைராசு தஹ்மீனாவை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அதைப் பத்தி மூச்சு விடக் கூடாதுன்னு அந்தப் பாப்பா சொல்லியிருக்கு."

பன்னிரண்டு நாள் என்ன நடந்திருக்கிறது என்பது தஹ்மீனாவுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் மொத்தமாக விளங்கிப்போயிற்று. மேடத்தின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"பேஷண்டோட ஹிஸ்டரியை மறைக்கச் சொல்லிக் குடுத்தியா?"

"இல்ல மேடம், அது இன்ஹேலருக்குச் சொன்னது, அவரு வேற மாதிரி..."

"உன்னை ஃபெயில் பண்றதுக்கு இது ஒண்ணே போதும். தெரியுமில்ல?" மேடம் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம் என்றிருந்தது. "சரி. இன்ஹேலர் எப்படிப் போடுறாருன்னு பார்ப்போம். அப்புறம் மத்தது."

துரைராசு தயாரானார். குலுக்கினார், மூச்சை வெளியேற்றினார், வாயில் வைத்து அழுத்தி அழகாக இழுத்தார். உதட்டை மூடினார். தஹ்மீனா எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

"மீசை ஆடுது" என்றார் அகிலாண்டம் மேடம்.

தஹ்மீனா குனிந்து பார்த்தாள். ஆடத்தான் செய்தது. மூக்குக்குக் கீழே அந்த வெள்ளை மீசை சாவகாசமாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. ரகசியம் காக்கிறவன் வாயைத்தானே மூடுவான், மூக்கை எதற்கு மூடுகிறான். பன்னிரண்டு நாளும் மனுஷன் வாயை மட்டும் மூடிக்கொண்டு மூக்கால் நிம்மதியாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வேளாவேளைக்குப் போட்ட நிஜ மருந்தெல்லாம் மூக்கு வழியாகப் போன வேகத்தில் திரும்பியிருக்கும். திருப்தி, திருப்தி என்று இவள் தினமும் எழுதியிருக்கிறாள்.

மேடம் பேனாவைத் திறந்துகொண்டே, போகிற போக்கில் துரைராசிடம், "போதும் ஐயா. மூச்சு விடுங்க" என்றார்.

துரைராசு தலையை உயர்த்தினார். "விடலாங்களா?"

"தாராளமா விடுங்க."

பெரிய டாக்டரம்மாவே சொன்ன பிறகு என்ன. துரைராசு விட்டார். பன்னிரண்டு நாள் அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வந்தது.

"தை மாசத்தோட விட்டேன்னு சொன்னது பொய்ங்க. ஒரு வாரம்தான் விட்டேன். மாட்டுக்கொட்டாயில தவுட்டுப் பானைக்குள்ள ஒரு கட்டு எப்பவும் கெடக்கும். இங்க வந்தும் வேப்பமரத்தடியில நாலு. இந்தப் பாப்பாதான் கண்டுபிடிச்சு புடுங்குச்சு. அன்னிக்கு அது திட்டுன திட்டு இருக்கே, எங்கப்பன்கூட அப்படித் திட்டுனதில்ல. அதுக்கப்புறம் தினமும் வேட்டியை உதறச் சொல்லும். சத்தியமா இன்னியோட பன்னெண்டு நாளா தொடலைங்க. கை நடுங்குது, தூக்கம் வரலை, அதுகிட்டச் சொன்னா கொத்தமல்லி மிட்டாய் வாங்கியாந்து குடுக்குது. போன பரிச்சையில இதுக்குப் போயிடுச்சாம். போன வாரம் அந்த ஜன்னல் பக்கம் நின்னு அழுதுச்சு, நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிச்சு. தப்பெல்லாம் என்மேலதாங்க. மங்களத்துக்கு மட்டும் தெரிய வேணாம்."

திரை விலகியது. மங்களாம்பிகை நின்றாள்.

துரைராசின் மீசை அப்போதுதான் அசையாமல் நின்றது.

"தவுட்டுப் பானையா?" என்றாள் மங்களாம்பிகை.

"ஆமா."

"நான் தினம் கைவிட்டு அள்ளுற பானை."

"அடியில இருக்கும்" என்றார் துரைராசு. அந்த நேரத்தில் அந்த விவரம் தேவைதானா என்று தஹ்மீனாவுக்கே தோன்றியது.

"நெசமா பன்னெண்டு நாளு?"

மேடம் இதற்குள் மேஜையில் கிடந்த தஹ்மீனாவின் ரெக்கார்டைப் பிரித்திருந்தார். முதல் நாள் பக்கத்தில் 'தினம் நான்கு பீடி, வார்டு டாக்டரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று இருந்தது. அடுத்த பக்கங்களில் வரிசையாக 'பீடி இல்லை'. அவர் பக்கங்களைப் புரட்டி எண்ணினார்.

"பன்னெண்டுதாம்மா. எழுத்துல இருக்கு" என்று மங்களாம்பிகையிடம் சொன்னார். பிறகு தஹ்மீனா பக்கம் திரும்பினார். "நீ மறைக்கலை. அது சரி. ஆனா மீசை ஆடுச்சே, அதுக்கு என்ன பதில்? டெக்னிக் தப்பு. இவரு வீட்டுக்குப் போயும் இப்படியே போடுவாரு, அடுத்த அறுப்புக்குத் திரும்ப இங்கதான் வருவாரு. ஒரே ஒரு சான்ஸ் தரேன். இவரு மூச்சு உள்ளயே நிக்கணும். நிறுத்துன்னும் சொல்லக் கூடாது, தம்முன்னும் சொல்லக் கூடாது, விடாதேன்னும் சொல்லக் கூடாது."

நீலப் பட்டை தஹ்மீனாவின் கண் முன்னால் ஆடியது. மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. துரைராசைப் பார்த்தாள். வயலில் வெயில் பட்டுக் கறுத்த கழுத்து, சேற்றுப் புண் காய்ந்த கால்விரல்கள். அத்தாவின் உரக்கடையில் கல்லாவுக்கு எதிரில் வந்து நிற்கிறவர்கள் எல்லாருக்கும் இதே கால்கள்தான். அவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது அத்தா பின்னாலிருந்து சொல்வது, அவள் பால் குடிக்கிற காலத்திலிருந்து கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனது, வாயில் தானாக வந்துவிட்டது.

"ஐயா, யூரியா போட்ட வயல்ல அன்னிக்கே தண்ணியை வடிப்பீங்களா?"

துரைராசுக்குக் கோபமே வந்துவிட்டது. "எவனாவது வடிப்பானா? போட்டதெல்லாம் வாய்க்கால்ல போயி அடுத்தவன் பயிரு பச்சையாயிடாது?"

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"மடையை அடைச்சுத் தண்ணியைக் கட்டி வைப்பேன்."

"இதுவும் உரம்தான் ஐயா. நெஞ்சுதான் வயலு. ஆனா மடை ரெண்டு இருக்கு. வாய் ஒண்ணு, மூக்கு ஒண்ணு. இத்தனை நாளா நீங்க ஒரு மடையைத்தான் அடைச்சிருக்கீங்க, உரம் பூரா இன்னொண்ணுல வடிஞ்சு போச்சு. ரெண்டையும் அடைச்சு, பத்து எண்ணுற வரைக்கும் தண்ணி கட்டுங்க."

துரைராசு தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அடப்பாவமே. இதை மொத நாளே சொல்றதுக்கு என்ன பாப்பா?" என்றார். இன்ஹேலரை எடுத்தார். குலுக்கி, விட்டு, அழுத்தி, இழுத்தார்.

ஒன்று. இரண்டு. மேடம் குனிந்து மீசையைப் பார்த்தார். மூன்று, நான்கு. மங்களாம்பிகையும் கோபத்தை ஒத்திவைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். மீசையில் ஒரு முடிகூட அசையவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. துரைராசு பதினொன்றும் வைத்திருந்தார், உரம் தங்கட்டுமே என்று. பிறகு மெதுவாக வடித்தார்.

"உங்க வீட்ல உரக்கடையா பாப்பா?" என்று கேட்டார்.

மேடம் எதையோ எழுதினார். மங்களாம்பிகை கணவனின் வேட்டி மடிப்பைத் தானே ஒருமுறை உதறிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள பதினாலு நாளாயிடும்ல?" என்று விரல்விட்டு எண்ணினாள். "சரி, கழுத்தை நீட்டுறேன். ஆனா வீட்டுக்குப் போனதும் அந்தப் பானையை நீங்கதான் கழுவணும்." துரைராசு தலையாட்டிய வேகத்தைப் பார்த்தால் பத்துப் பானை கழுவச் சொன்னாலும் கழுவியிருப்பார்.

தஹ்மீனா திரைக்கு வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். உள்ளே அடுத்த மாணவி போய்விட்டாள், அடுத்த நோயாளியும் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் திரைக்குள்ளிருந்து அகிலாண்டம் மேடத்தின் குரல் கேட்டது.

"என்ன தொழில் ஐயா உங்களுக்கு? விவசாயமா? யூரியா போட்ட வயல்ல அன்னிக்கே தண்ணியை வடிப்பீங்களா?"

தஹ்மீனா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மத்தியானம் தேர்வெல்லாம் முடிந்து மேடம் வராந்தாவில் போகும்போது அவளைக் கண்டு நின்றார். கண்ணாடியைச் சரியாக மேலே ஏற்றிக்கொண்டார்.

"என்ன போட்டிருக்கேன்னு நான் சொல்லக் கூடாது. இண்டர்ன்ஷிப்புக்குப் புதுக் கோட்டு தைச்சாச்சா? இல்லேன்னா தைக்கக் குடு. ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். தஹ்மீனா அப்படியே நின்றாள். பன்னிரண்டு நாள் பழக்கம், சும்மாவா போகும். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நெஞ்சு தானாக நிறைந்தது, உதடு தானாக மூடியது, மூக்கும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டாள். நான்கில் இருக்கும்போது போன் அடித்தது. அம்மா, மெஹராஜ் பேகம். எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னடி ஆச்சு? அத்தா கடையில யாவாரத்தை விட்டுட்டு போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. ரஹ்மத் பீவி வேற வந்து நிக்கிறா. ஹலோ. தஹ்மீனா. என்னடி, மூச்சே காணோம்?"

எட்டு. ஒன்பது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, அதையும் அவள் வடியவிடவில்லை.

பத்து.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள். "உரம் போட்டாச்சு, தண்ணி கட்டியிருக்கேன்னு அத்தாகிட்டச் சொல்லு. அவங்களுக்குப் புரியும்."